துவக்குப் பிடியில் இருந்த பெயர்

மகன்,

என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்கும் ஒன்றும் இல்லை. வத்தளையில் அவசர வேலை என்று சொன்னதும் பொய். வத்தளையில் எனக்கு வேலை தந்துகொண்டிருந்த கடைசி மனிதரும் பிள்ளைகளோடு கனடா போய்விட்டார். வெள்ளவத்தையில் உன் மாமாவாகப் போகிற ஆரணியின் அப்பா வீட்டிலிருந்து ஞாயிறு தவறாமல் சாப்பாட்டுக்கு அழைப்பு வர, நானும் ஞாயிறு தவறாமல் ஒரு நோயைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். போன கிழமை களுபோவில ஆஸ்பத்திரிக்கு முழங்கால் காட்டப் போகிறேன் என்று டெலிபோனில் சொன்னேன். நீ, "அப்பா, கொட்டாஞ்சேனையில இருந்து களுபோவிலைக்கு வெள்ளவத்தையைத் தாண்டித்தானே போகணும்" என்று கேட்டாய். பொய் சொல்லுகிறவனுக்குக் கொஞ்சம் ஊர்ப்படமும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கும் நான் சரியில்லை.

அதோடு நீ விட்டிருக்கலாம். "உங்களுக்கு யாழ்ப்பாண ஆக்களோட ஒத்துவராது, அதுதானே விஷயம்?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாய். உன் அம்மாவிடமும் அதையே சொல்லியிருக்கிறாய். அது இல்லை மகன். அவர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த மனிதர் கையால் ஒரு அகப்பை சோறு வாங்கிச் சாப்பிட வெட்கம். நேரில் சொல்லலாம் என்றால் பாதி வழியில் ஒரு பகிடியை விட்டுவிட்டுத் தப்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும். எழுத்தில் தப்புவது கொஞ்சம் கஷ்டம். எழுத்து எனக்கு எப்போதுமே கஷ்டம்தான். ஓ லெவலை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் பேப்பர் திருத்தினவர்களைச் சிரிக்கவைத்தவன் நான். ஆனாலும் உன் கல்யாணத்துக்கு முன்னால் இது உனக்கு என்னிடமிருந்தே வர வேண்டும். ஏன் முன்னால் என்பது கடைசியில் விளங்கும்.

உன் கிரிக்கெட் மட்டை ஞாபகம் இருக்கிறதா? பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட டீமில் உன்னை எடுத்த வருஷம். மட்டை முழுக்கச் சிவப்புப் பந்துத் தழும்பு. மட்ச்சுக்கு முதல் நாள் நீ ட்யூஷனுக்குப் போன நேரம் பார்த்து, அப்பன் செய்கிற உதவி இது என்று நினைத்துக்கொண்டு, சாண்ட் பேப்பர் போட்டு மட்டையைத் தேய்த்துத் தழும்பெல்லாம் எடுத்து, கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்து மூலையில் சாத்திவைத்தேன். நீ வந்து பார்த்தாய். மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலதானப்பா நான் அந்த ஸிக்ஸ் அடிச்சேன், அந்தப் பந்து பட்ட அடையாளம் இங்க இருந்துச்சு" என்று ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாய். அங்கே உன் முகம்தான் பளபளவென்று தெரிந்தது. மறுநாள் டீமில் எல்லோரும் இது சுவரில் மாட்டுகிற மட்டையா என்று கேட்டார்களாம். நானும் அந்தக் கதையைப் பல கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சிரித்தேனே தவிர, கற்றுக்கொள்ளவில்லை. என் தொழில் அப்படி என்னைப் பழக்கிவிட்டது. மரச்சாமானுக்கு மெருகு போடுகிற தொழிலாளி, பொலிஷ் பாஸ் என்றால் பழசைப் புதுசாக்குவான். கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைக்காரருக்காக நான் புதுசைப் பழசாக்கியும் கொடுத்திருக்கிறேன்: நேற்று அறுத்த பலகையில் செய்த அலுமாரியைச் சங்கிலியால் அடித்து, தேயிலைச் சாயம் தடவி, மெழுகில் புகைக்கரி குழைத்து மூலைமுடுக்கெல்லாம் அப்பி, ஒல்லாந்தர் காலத்துச் சாமான் ஆக்கிவிடுவேன். வெள்ளைக்காரர்கள் அதைத் தடவிப் பார்த்து பெருமூச்சு விடுவார்கள். இரண்டும் தெரியும் எனக்கு. இருப்பதை இருந்தபடி விடத்தான் தெரியாது.

இந்தத் துவக்கு வேலை உனக்குத் தெரியும், ஆனால் முழுக்கத் தெரியாது. அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் கடெற் படைப் பையன்கள் அணிநடை பழகுவதற்காக வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளம் கழித்துக் கொடுத்த றைபிள்கள். குழலை அடைத்து, உள்ளே ஊசியைக் கழற்றி, சுடவே முடியாதபடி ஆக்கினவை. பிறகு பையன்களுக்கு வேறு சாமான் வந்துவிட்டதால் இவற்றை ஒரு ஸ்டோர் அறையில் போட்டுப் பூட்டி, கூரை ஒழுகுவதையும் மறந்துவிட்டார்கள். பழைய மாணவர்கள் இப்போது அவற்றைத் துப்புரவாக்கிக் கடெற் மண்டபத்துச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டார்கள். இரும்புக்கு நிஹால், மரத்துக்கு நான். நிஹாலை உனக்குத் தெரியும், கிராண்ட்பாஸ் லேத்துக்காரன், சிங்களத்தில் அண்ணன் முறை சொல்லி என்னை அய்யே என்று கூப்பிடுகிறவன். அந்த அறையைத் திறந்ததும் நான் முதலில் செய்த காரியம் சட்டைப்பையைத் தடவி ஐடென்டி காட் இருக்கிறதா என்று பார்த்ததுதான். சிரிக்காதே. என் வயதுத் தமிழன் துவக்கைக் கண்டால் கை தானாக அங்கேதான் போகும். இத்தனை வருஷம் கொழும்பில் துவக்கை நான் பார்த்ததெல்லாம் அதன் வாய்ப் பக்கத்திலிருந்து. பிடிப் பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். துவக்குகள் பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டப் போவதில்லை என்று தெரிந்தும், பொலிஸ் கொடுத்த அனுமதிக் கடிதத்தைப் போட்டோ கொப்பி எடுத்துச் சட்டையில் ஒன்று, காற்சட்டையில் ஒன்று, சாப்பாட்டுப் பையில் ஒன்று என்று வைத்துக்கொண்டு திரிந்தேன். நிஹாலுக்கு அது பெரிய வேடிக்கை. இடியப்பத்துக்கும் பெர்மிட் இருக்கிறதா என்று கேட்பான்.

அந்த மரத்தைப் பார்த்திருந்தால் உனக்கே பாவமாக இருந்திருக்கும். பழைய கிரீஸ் காய்ந்து தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. இரும்பு கறள் பிடித்துத் தோல் வியாதிக்காரன் போல உரிந்தது. மரம் ஈரத்தில் கறுத்து, கைபிடிக்கிற இடத்தில் நீளத்துக்கு வெடித்திருந்தது. நிஹால் இரும்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மெல்லிய கம்பிப் பஞ்சால் பொறுமையாகத் தேய்த்தான். கடெற்றுக்குப் பொறுப்பான மாஸ்டர் ஒருவர் வந்து எனக்குச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: அழுக்கை மட்டும் எடு பாஸ், சாண்ட் பேப்பர் வேண்டாம், ஆளி விதை எண்ணெய் பூசினால் போதும், பையன்கள் கிறுக்கினது வெட்டினது எல்லாம் அப்படியே இருக்கட்டும். நான் ஹரி சேர், சரி சேர் என்று தலையாட்டினேன். அவர் போனதும் முதல் துவக்கை மடியில் வைத்து, எண்ணெய் பூசிப் பார்த்தேன். மங்கலாக, எருமை முதுகு மாதிரி இருந்தது. இதைச் சுவரில் மாட்டி இது இன்ன பாஸ் செய்த வேலை என்று எவனாவது சொல்வானா? சாண்ட் பேப்பரை எடுத்தேன். நிஹால் பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் வேறு மாதிரி அல்லவா சொன்னார் என்றான். மாஸ்டருக்கு மரம் தெரியுமா, உனக்குத் தெரியுமா, இரும்பைப் பார்த்துக்கொண்டு இரு என்றேன். தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து வால்நட் மரம் தேன் நிறத்தில் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த நேரம் எனக்கு இருந்த சந்தோஷம் பெரிய சந்தோஷம். மரத்தூளை ஒரு டின்னில் சேர்த்துக்கொண்டேன். அது எங்கள் தொழில் வழக்கம். அந்த மரத்தின் வெடிப்பை அந்த மரத்தின் தூளைப் பசையில் குழைத்துத்தான் அடைக்க வேண்டும், அப்போதுதான் நிறம் சேரும். அய்யே ரொட்டிக்கு மா சேர்க்கிறார் என்று நிஹால் சொன்னான். பிடிகளில் ஆங்கில எழுத்துகளும் கோடுகளும் இருந்தன. ஏதோ பையன்கள் கிறுக்கினது. நான் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வேலை முக்கால்வாசி முடிந்திருந்த நேரத்தில்தான் நீ எங்களை ஆரணி வீட்டுக்குப் பெண் கேட்கக் கூட்டிக்கொண்டு போனாய். அன்றைக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். நீ அந்த வீட்டுக் கதிரையில் நெளிந்ததும் எனக்குத் தெரியும். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை, மூன்றாம் மாடி, ரயில் போகும்போதெல்லாம் ஷோகேஸில் கிளாஸ்கள் கிணுகிணுக்கிற வீடு. மாமா காணி அளக்கிற சேர்வே டிப்பார்ட்மென்டில் இருந்து ஓய்வு பெற்றவர். இருக்கிற இருப்பே கோடு போட்டது மாதிரி. நான் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவனின் பேரன். கொட்டாஞ்சேனையில் பிறந்தாலும் அந்த வீட்டுக்குள் போனதும் காலில் கொழுந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. என்ன தொழில் என்று கேட்டார். பர்னிச்சர் லைனில் இருக்கிறேன் என்றேன், ரயில்வேயில் இருக்கிறவன் மாதிரி. பிறகு அவர்களோடு ஒட்டிப்போகலாம் என்று எதற்கெடுத்தாலும் ஆமாம் என்பதை விட்டு, அவர்கள் மாதிரி ஓம் ஓம் என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்டதற்கும் ஓம், போதுமா என்று கேட்டதற்கும் ஓம். உன் அம்மா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள். மாமா மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் என்னைப் பார்த்துப் பேசவில்லை, எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

அப்போதுதான் நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி, அங்கே கடெற் துவக்குகளுக்குப் பொலிஷ் போடுகிறேன் என்றேன். அவர் கையைத் தட்டில் வைத்துவிட்டு என்னை முதல் தடவையாகப் பார்த்தார். தானும் தன் அண்ணாவும் அங்கே படித்தவர்கள் என்றார். "அண்ணா கடெற்றில இருந்தவர். தன்ர றைபிள் பிடியில பேரின்ர இனிஷல் ரெண்டையும் வெட்டிப்போட்டார். எஸ், கே. சார்ஜன்ட்டிட்ட நல்ல அடி. அது இன்னும் அதில கிடக்குமோ தெரியாது." அந்த அண்ணாவுக்கு என்ன நடந்தது என்று நீ பிறகு எனக்குச் சொன்னாய். ஆனால் அந்த மேசையிலேயே விளங்கிவிட்டது. கலவரத்தில் தமிழர் வீடுகளோடு அவர்கள் வீடும் எரிந்தபோது வெளியே போன அண்ணா திரும்பி வரவில்லை. படங்கள், சேர்ட்டிபிக்கெட்டுகள், கொப்பிகள் எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டன. அவர் முகம் எப்படி இருந்தது என்று ஆரணிக்குக் காட்ட ஒரு துண்டுப் படம் இல்லை. அவர் கை பட்ட ஒரு கோடு உலகத்தில் எங்காவது மிஞ்சியிருக்குமென்றால் அது அந்தத் துவக்குப் பிடியில்தான்.

மகன், அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்ல வேண்டும்? தெரியாது சம்பந்தி, பார்க்கிறேன் என்று சொல்லலாம். சிறிய வாக்கியம், பாடமாக்கக்கூடத் தேவையில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலை இல்லை, என்னை. அந்தப் பார்வையை விட எனக்கு மனம் வரவில்லை. "இருக்குங்க சம்பந்தி. நானே பார்த்தேன்" என்றேன். அதற்குப் பிறகு என்ன மரியாதை தெரியுமா? நீதான் பார்த்தாயே. தானே எழுந்துபோய் எனக்குப் பால் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நீயும் ஆரணியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள். கல்யாணம் அந்தத் தேத்தண்ணீரில்தான் நிச்சயமானது என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்லுகிறாள். நான் அந்தத் தேத்தண்ணீரைக் குடித்த விதம் எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். இன்னும் தேய்க்காமல் கிடந்த துவக்குகளை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். வேறு வேறு எழுத்துகள் இருந்தன, ஒன்றில் ஒரு பெண்பிள்ளையின் பெயர்கூட இருந்தது, எஸ்ஸும் கேயும் இல்லை. தேய்த்தவற்றை ஈரத் துணி போட்டு அயர்ன் வைத்துப் பார்த்தேன். அமுங்கின மரம் சில நேரம் ஆவியில் எழும்பும். எழும்பவில்லை. நான் நல்ல வேலைக்காரன். எடுத்தால் முழுக்க எடுப்பேன். நிஹால் வந்து என்ன தேடுகிறாய் அய்யே என்றான். சொன்னேன். அவன் வழக்கம்போலப் பகிடி விடுவான் என்று பார்த்தேன். விடவில்லை. போய்ச் சொல்லிவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியில் இருந்த இரும்பைத் தேய்க்க ஆரம்பித்தான்.

நான் போய்ச் சொல்லவில்லை. தேய்க்காத துவக்கில் ஒன்றை எடுத்து, சின்ன உளியைத் தீட்டி, இடது பக்கத்தில் எஸ், கே என்று வெட்டினேன். கொள்ளுப்பிட்டிக் கடைக்குச் செய்த வித்தையெல்லாம் அங்கே செய்தேன். வெட்டின விளிம்பைத் துணியால் தேய்த்து மழுக்கினேன். தேயிலைச் சாயம், புகைக்கரி, பழைய கிரீஸ். வேலை முடிந்ததும் எட்டி நின்று பார்த்தேன். எந்த மியூசியத்துக்காரனும் ஏமாறுவான். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது மகன். இதில் எனக்கு மிகவும் வெட்கமான இடம் எது என்று கேட்டால், அந்தப் பெருமைதான்.

அண்ணாவின் எழுத்தைப் பார்க்க மாமா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, ஏதோ இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி. ஸ்டோருக்கு வெளியே மாமரத்தின் கீழே நீள வாங்கில் உட்கார்ந்தார். நான் துவக்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் எழுத்தின் மேல் மெதுவாகப் போனார், ஒரு தரம், திரும்ப ஒரு தரம். நிஹால் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டான். பிறகு மாமா, இது எதனால் வெட்டினது என்று நினைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். பேனாக்கத்தியாக இருக்கும் என்றேன். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"கொம்பாஸ் ஊசியால, சம்பந்தி. என்ர கொம்பாஸ். முனை வளைஞ்சு போச்செண்டு நான் அம்மாட்டச் சொல்லிக்குடுத்து அவருக்கு வீட்டிலயும் அடி."

கொம்பாஸ் ஊசி எப்படிக் கீறும் என்று உனக்கே தெரியும், பள்ளிக்கூட வாங்கு மேசையில் நீயும் கீறியிருப்பாய். மயிர் மாதிரிக் கோடு, கோணல் மாணலாக. என் எழுத்து கடைப் பெயர்ப்பலகை மாதிரி இருந்தது. அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வடிவாக இருக்கிறது என்றார். துவக்கைத் தானே துணியில் சுற்றி என் கையில் தந்து, நன்றி சொல்லிவிட்டு, வெயிலில் கேட்டை நோக்கி நடந்து போனார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை நம்பத்தான் ஆசைப்பட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு நீ எடுத்த டெலிபோன் ஒவ்வொன்றும் எனக்கு அடி. மாமா உங்களைப் பற்றித்தான் பேசுகிறார் அப்பா. மாமா லண்டனுக்குப் போன் எடுத்துத் தன் தங்கைக்குச் சொன்னார், சம்பந்திதான் அண்ணாவைத் தேடித் தந்தவர் என்று. நீ அதைச் சந்தோஷமாகச் சொன்னாய். நீ சந்தோஷப்பட வேண்டும் என்றுதானே நானும் எல்லாம் செய்தேன், இல்லை, அதுவும் பொய், என்னை அந்த மனிதர் மதிக்க வேண்டும் என்றுதான் செய்தேன். அதற்கு அடுத்த ஞாயிறிலிருந்துதான் எனக்கு முழங்கால் வலி.

பிறகு போன கிழமை ஆரணி உன் அம்மாவுக்குப் போன் எடுத்து ஒரு சங்கதி சொன்னாள். கல்யாணத்துக்கு முதல் நாள் அவர்கள் வீட்டில் செத்துப்போனவர்களின் படங்களுக்கெல்லாம் மாலை போட்டு விளக்கு வைப்பார்களாம். பெரியப்பாவுக்கு மட்டும் படம் இல்லாமல் இத்தனை காலமும் ஒரு வெற்றிடம் விட்டு வந்தார்களாம். இந்த முறை அந்த எழுத்தைப் படம் எடுத்துச் சட்டம் போட்டு வைக்கப்போகிறார்களாம். அங்கிளால்தான் எல்லாம் என்றாளாம். உன் அம்மா அதைக் கண் கலங்கச் சொன்னாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். என் உளி வெட்டினதற்கு மாலை. என் தேயிலைச் சாயத்துக்கு விளக்கு. உன் மனைவியாகப் போகிற பிள்ளை அதற்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு உன்னிடம் வருவாள்.

நேற்று மாமா வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் புறக்கோட்டை வரைக்கும் துணிவாக இருந்தது. காலி வீதியில் ஏற ஏறக் குறைந்துகொண்டே வந்தது. மாமா தனியாகத்தான் இருந்தார். ஷோகேஸுக்குப் பக்கத்தில் மேசையில் அந்தப் படம் சட்டம் போட்டு ஏற்கெனவே வந்திருந்தது. இருங்கோ என்றார். இருந்தால் சொல்ல மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்: சாண்ட் பேப்பர், மாஸ்டர் வேண்டாம் என்றது, நான் ஹரி சேர் என்றது, அன்றைக்குச் சோற்று மேசையில் புளுகினது, உளி, கரி. ஒரு ரயில் போய் முடிந்ததும் அவர், "தெரியும்" என்றார்.

"அண்டைக்கே தெரியும். எங்கட அண்ணாக்கு நேரா ஒரு கோடு கீற வராது."

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் பயந்துபோய் நின்றீர்கள், அதைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது என்றார். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தாராம்: இவ்வளவு மெனக்கெட்டுச் செய்திருக்கிறான், இதையே உண்மை என்று வைத்துக்கொண்டால் என்ன. லண்டனுக்குச் சொல்லிப் பார்த்தாராம், வாயில் வந்ததாம். சட்டம் போட்டுப் பார்த்தாராம். அதற்கு முன்னால் நிற்கத்தான் முடியவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கனத்தது. கோபம்தான். வர வேண்டிய கோபம். எனக்கு அது வந்ததே நிம்மதியாக இருந்தது. "அவரை நான் ரெண்டாந்தரம் துலைச்சன் சம்பந்தி" என்றார். எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

பிறகு அவர், தேய்த்த தூளை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சேர்வேக்காரர் கேட்கிற கேள்வி. குப்பையில் போட்டேன் என்று சொல்லியிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும், ஆனால் உண்மையும் அவ்வளவு மேல் இல்லை. பசையில் குழைத்து எல்லாத் துவக்கின் வெடிப்புக்கும் அடைத்தேன் என்றேன். எதில் எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு முகம் ஒரு பக்கமாகக் கோணி, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. "வெடிப்பு அடைக்கவெண்டாலும் உதவினாரே" என்றார்.

எழுந்துபோய் அந்தச் சட்டத்தைத் திருப்பி, பின்பக்கத்து ஆணிகளை நகத்தால் நெம்பி, படத்தை வெளியே எடுத்தார். கிழிக்கவில்லை. என்னிடம் தந்தார், என் பொருள் மாதிரி. அது என் பொருள்தான். வெறும் சட்டத்தை மற்றப் படங்களுக்கு நடுவில் திரும்ப வைத்தார். அது மலிவுச் சட்டம் மகன், விளிம்பெல்லாம் ஊத்தையாக, மூலை ஒன்று விலகி. என் கை தானாக அதை நோக்கிப் போயிருக்கிறது. "தொடாதேங்கோ" என்றார். கையை எடுத்தேன்.

பிறகு தண்டனையைச் சொன்னார். தண்டனை என்று அவர் சொல்லவில்லை. முதல் நாள் தங்கள் சொந்தமெல்லாம் அங்கே கூடும், லண்டன், கனடா, யாழ்ப்பாணம் என்று வருவார்கள், வெறும் சட்டத்துக்கு ஏன் மாலை என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். "நான் சொல்லமாட்டன். நீங்கதான் சொல்லோணும், அண்ணா கொம்பாஸால வெட்டினதில இருந்து." நான் சரி என்றேன். ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை, சரி என்றுதான் வந்தது. கதவு வரைக்கும் கூட வந்தார். லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று, "நிண்டு சொல்ல வேண்டாம், ஒரு கதிரை போட்டுவிடுறன். உங்களுக்கு முழங்கால் ஏலாதாமே" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அந்த மனிதரிடம் எனக்கு இன்னும் பயம்தான்.

இதுதான் சங்கதி. லண்டனில் இருந்து வருகிற யாரோ உன்னிடம், உன் அப்பாவா அந்தத் துவக்கைத் தேய்த்தவர் என்று கேட்பார்கள். கேட்கும்போது நீ முழிக்கக் கூடாது. அதற்காகத்தான் முன்னால் எழுதுகிறேன். ஓம் என்று சொல்லு. உனக்கு அந்தச் சொல் என்னைவிட நன்றாக வருகிறது. பள்ளிக்கூடத்து மாஸ்டரிடமும் சொல்ல வேண்டும். அதற்குத் திங்கட்கிழமை போகிறேன், நிஹால் கூட வருகிறான், வேடிக்கை பார்க்கத்தான் என்கிறான். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றுதான், அதுவும் என்னிடம் இருந்து வருவதால் பாதி விலை. ஆரணி ஏதாவது ஒரு பழைய சாமானைக் கொண்டுவந்து உன் வீட்டில் வைப்பாள். கீறல் விழுந்ததாக, கறள் பிடித்ததாக, உனக்கு ஒன்றும் விளங்காததாக இருக்கும். அது என்ன என்று கேள். கேட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்.

உன் மட்டை இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அந்த ஸிக்ஸ் பட்ட இடம் எது என்று நீ அன்றைக்குத் தொட்டுக் காட்டினாய். நான் பார்க்கவில்லை மகன், வார்னிஷ் எப்படிப் பிடித்திருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும்போது இன்னொரு தரம் காட்டு.

முதல் நாள் மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று உன் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நல்லது. நான் அந்தக் கதிரையில் இருப்பதை நீ பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நான் அங்கே இருப்பேன்.

உன் அப்பா